புளியங்கொட்டைக் கணக்கு

திருமேனி ஒரு கோடி ஜபம் செய்வதாக வேண்டிக்கொண்டவர். ஆயிரம் முடிந்ததும் பானையில் ஒரு புளியங்கொட்டை போடுவார். ஒன்பது வருடம் இப்படியே போனது. இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

மடத்துக்குப் புதிதாக வந்த சமையல்காரர் அந்தக் கொட்டைகளை வறுத்து, பக்தர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டார். ருசியாக இருந்ததாகத்தான் சொன்னார்கள்.

ஐம்பது வயதுத் திருமேனி, தன்னைவிட இளையவரான குரு வேதநாயகியின் முன் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார்.

"எத்தனை ஆச்சுன்னே தெரியலைம்மா. எண்ணிக்கை சரியா இல்லாட்டி செல்லாது. மறுபடி முதல்லேருந்து தொடங்க எனக்கு ஆயுசு இருக்குமா?"

குரு அவருடைய வலது கை விரலை எடுத்து, இடது மணிக்கட்டின் மேல் வைத்தார். நாடி துடித்தது.

"ஒரு நிமிஷம் எண்ணுங்க."

எண்ணினார். "எழுபதும்மா."

"வருஷத்துக்கு எத்தனை நிமிஷம்?"

"அஞ்சு லட்சத்து இருபத்தஞ்சாயிரத்து அறுநூறு."

"சொச்சத்தை விடுங்க. அஞ்சு லட்சம். உங்க வயசு அம்பது. மூணையும் பெருக்குங்க."

சொச்சத்தை விட அவருக்கு மனசே இல்லை. ஆனாலும் முற்றத்து மணலில் எழுதினார். பூஜ்யங்கள் நீண்டுகொண்டே போயின. பாதியில் எண்ணிக்கை தப்பியது. அழித்து எழுதினார். மறுபடியும் தப்பியது.

குரு மணலைத் தடவிச் சமமாக்கிவிட்டு எழுதினார்:

7 × 10¹, 5 × 10⁵, 5 × 10¹.

"பூஜ்யத்தை எல்லாம் ஏன் சுமக்கணும்? எத்தனைன்னு பத்தோட தலைமேல சின்னதா எழுதினாப் போதும். முன்னால நிக்கிறதைப் பெருக்குங்க. மேல நிக்கிறதைக் கூட்டுங்க."

ஏழைந்து முப்பத்தைந்து. அதை இன்னொரு ஐந்தால் பெருக்கினால் நூற்றெழுபத்தைந்து. மேலே ஒன்று, ஐந்து, ஒன்று. மொத்தம் ஏழு.

175 × 10⁷ என்று எழுதினார் திருமேனி.

"பத்துக்கு மேல ஏழுன்னா?" என்று கேட்டார் குரு.

"கோடி." அவர் குரல் இறங்கிவிட்டது. "நூத்தி எழுபத்தஞ்சு கோடி."

ஒன்பது வருடம் உயிரைக் கொடுத்துச் சேர்த்தது ஒரு கோடிகூட இல்லை. இதுவோ அவர் தூங்கும்போதும் நடந்திருக்கிறது, கோபத்தில் கத்தும்போதும் நடந்திருக்கிறது, இன்று காலை புளியங்கொட்டைக்காக அழும்போதும் நடந்திருக்கிறது. விரல் தானாக மணிக்கட்டுக்குப் போனது. உதடு மறுபடி எண்ண ஆரம்பித்தது.

"இத்தனையும் யாரும்மா எண்ணினது? யார் கொட்டை போட்டு வச்சது?"

"விரலை எடுங்க," என்றார் குரு. "நிக்குதான்னு பார்ப்போம்."