சேர்ந்த நாள் எடை

விடுதி வார்டன் மாசிலாமணிக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருக்கு டேட்டாபேஸ் சொல்லித்தரும் செலினாவுக்கு இருபத்தெட்டு. அவளை அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். கிண்டலாக ஆரம்பித்தது, இப்போது நிஜமாகவே ஆகிவிட்டது.

அன்று டாக்டர் வந்திருந்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். பத்துப் பிள்ளைகளைப் பார்க்கத்தான் நேரம் இருக்கும். எண்பத்து மூன்று பேரில் அந்தப் பத்துப் பேர் யார் என்று மாசிலாமணிதான் சொல்ல வேண்டும்.

டாக்டர் வெளியே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்க, மாசிலாமணி தான் கொடுத்த பட்டியலைச் செலினாவிடம் காட்டினார். பாவம், டேட்டாபேஸைக் கேள்வி கேட்கும் க்வெரியை மூன்று நாள் முட்டி மோதி எழுதி எடுத்தது.

“பெர்சென்ட் ரேங்க் போட்டேன் டீச்சர். வயசுக்கு இருக்க வேண்டிய எடையில யாரு எவ்வளவு பின்னாடினு வரிசையா வந்துடுச்சு. கடைசிப் பத்துப் பேரை எடுத்துட்டேன்.”

“அருமை சார். யாராவது விட்டுப் போயிருப்பாங்களா?”

“எப்படிப் போவாங்க? எண்பத்து மூணு பேரும் உள்ள இருக்காங்களே.”

செலினா கீபோர்டை அவர் பக்கம் தள்ளினாள். “இன்னும் ஒரே ஒரு வரி எழுதுங்க. ஃபர்ஸ்ட் வேல்யூ. ஒவ்வொரு பிள்ளையும் சேர்ந்த நாள் எடை, இன்னைக்கு எடை பக்கத்துல வரட்டும்.”

அவர் ஒற்றை விரலால் தட்டினார். திரை நிரம்பியது. எல்லாப் பெயருக்கும் நேரே முப்பத்தொன்று, முப்பத்தொன்று.

“இது அம்பிகா எடையாச்சே!”

“ஃபைல்ல முதல் வரி அம்பிகா. பிள்ளைவாரியா பிரிக்கச் சொல்லலையே நீங்க. அதான் எல்லாரையும் அம்பிகாவாக்கிடுச்சு.”

மாசிலாமணி வாய்விட்டுச் சிரித்தார். பிள்ளைவாரியாகப் பிரிக்கும் பார்ட்டிஷனைச் சேர்த்து மறுபடி ஓட்டினார். இப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரவர் எடையே வந்தது. இருபத்தேழு முப்பதாகியிருந்தது, முப்பத்து நான்கு முப்பத்தெட்டாகியிருந்தது. பார்க்கவே மனசு குளிர்ந்தது. சோறு போடுகிற மனுஷன் இல்லையா?

அப்புறம் ஒரு வரியில் விரல் நின்றது.

பார்கவி. சேர்ந்த நாளில் நாற்பத்தாறு கிலோ. இன்று முப்பத்தொன்பது.

“இவ என் பட்டியல்லயே இல்லையே. நடுவுல இருக்கா. முப்பத்தொம்பது நல்ல எடைதானே டீச்சர்?”

“யாருக்கு சார்?”

அவர் மறுபடி அந்த நாற்பத்தாறைப் பார்த்தார்.

“பார்கவி எப்படி இருக்கா?” என்று கேட்டாள் செலினா.

“நல்லாத்தான் சாப்பிடுறா. எந்நேரமும் தண்ணி பாட்டிலோட திரிவா. படிக்கிற நேரத்துல...” அவர் குரல் இறங்கியது. “ஏழெட்டு வாட்டி எழுந்து பாத்ரூம் போறா. படிக்காம ஏமாத்துறானு நேத்துகூடத் திட்டினேன். எல்லாப் பிள்ளைங்க முன்னாடியும் வச்சு.”

வெளியே டாக்டர் பெட்டியை மூடும் சத்தம் கேட்டது. பத்துப் பேரும் முடிந்துவிட்டார்கள்.

மாசிலாமணி எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. வாசல்வரை போனவர் திரும்பி, கலங்கிய கண்ணோடு கேட்டார்:

“டாக்டர்கிட்ட என்னனு சொல்லட்டும் டீச்சர்? ஃபர்ஸ்ட் வேல்யூ பத்தியா?”

“எதுக்குத் திட்டினீங்கனு சொல்லுங்க சார். சுகரானு பார்க்க அவருக்கு அது போதும்.”