ஏட்டய்யா தண்ணீர் ஊற்றி வளர்த்த வழக்கு

அசமந்தபுரத்தில் பொன்னுரங்கம் என்றொருவன் இருந்தான். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. கூண்டு நிறையப் புறாக்கள் உண்டு. சந்தையில் வாங்கிய புறாத் தீனியில் என்னென்ன விதை கலந்திருந்ததோ, அவன் வீட்டுத் துவைக்கிற கல் ஓரமாக ஒரு செடி தானாக முளைத்தது. இலை பார்க்க அழகாக இருந்ததால் பிடுங்காமல் விட்டுவைத்தான். பாவம், அவன் செய்த தப்பு அவ்வளவுதான்.

ஒருநாள் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு வந்த ஏட்டு திருமேனி செடியைப் பார்த்துவிட்டார். அவருடைய ஸ்டேஷன் அதுவரை ஒரு வழக்கில்கூட ஜெயித்ததில்லை. "ஐயையோ, கஞ்சாச் செடி!" என்று கத்தினார். தண்ணீரை நிதானமாகக் குடித்து முடித்தார். பிறகு பொன்னுரங்கத்தைக் கைது செய்து, செடியை மண்ணோடு பெயர்த்துத் தொட்டியில் வைத்து, அவன் தலையிலேயே ஏற்றிக் கோர்ட்டுக்கு நடத்திப் போனார்.

நீதிபதி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சட்டப் புத்தகத்தைப் புரட்டினார்.

"கஞ்சா என்றால் செடியின் பூத்த நுனி, அல்லது காய்த்த நுனி. அந்த நுனியோடு சேராத இலையும் விதையும் கஞ்சா ஆகாது. இப்படித்தான் போட்டிருக்கிறது. ஏட்டு, இதில் பூ எங்கே?"

"இன்னும் பூக்கலீங்கய்யா."

"அப்படியானால் குற்றம் இன்னும் நடக்கவில்லை. பூத்ததும் கொண்டு வாரும், பத்து வருஷம் போடுகிறேன். அதுவரை இவன் தினமும் ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போடட்டும்."

பொன்னுரங்கத்துக்குப் புறாக்களின் நினைப்பு வந்தது. பத்து வருஷம் உள்ளே போய்விட்டால் அவற்றுக்கு யார் தீனி போடுவார்கள்?

மறுநாள் கையெழுத்துப் போடப் போனான். ஸ்டேஷன் மேஜையில் செடி குடை நிழலில் நின்றது. ஏட்டு வேப்பம் புண்ணாக்கைக் கரைத்து ஊற்றிக்கொண்டிருந்தார். கான்ஸ்டபிள் சடையன் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தான்.

"கவலைப்படாதே பொன்னுரங்கம்," என்றார் ஏட்டு. "வழக்கு நல்லா வளருது."

"ஏட்டய்யா, தண்ணியைக் கொஞ்சம் கொறைச்சு ஊத்தக்கூடாதுங்களா?"

"சாட்சியத்தைக் கலைக்கச் சொல்றியா? வெக்கமா இல்லை?"

பொன்னுரங்கத்துக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து அவனும் ஒரு கை பிடித்துக் குடையை வெயில் பக்கம் திருப்பி வைத்தான்.

சடையனுக்கு ஒரு சந்தேகம். "ஏட்டய்யா, பூத்த நுனின்னு சொன்னாரே, தொட்டியைத் தலைகீழாக் கட்டித் தொங்கவிட்டா நுனி எது? வேர்தானே?"

ஏட்டு குனிந்து செடியைத் தலைகீழாகப் பார்த்தார். "ஆமாம்டா. வேர் பூக்காதே. வழக்கே போயிடும்! இனி ராத்திரி பகலா தொட்டியைக் கெட்டியாப் பிடிச்சுக்க."

"அப்போ இந்த இலையெல்லாம் நல்லதா கெட்டதா?"

"தனியா இருக்கிற வரைக்கும் நல்லது. பூ வந்து சேர்ந்துட்டா கெட்டது. எல்லாம் சகவாச தோஷம்டா."

பொன்னுரங்கம் இலைகளை நினைத்து மிகவும் வருத்தப்பட்டான். தன் கதியும் அதுவே என்று தோன்றியது. கையெழுத்துப் போடும்போதெல்லாம் நுனியைப் பார்ப்பான். மொட்டு இல்லை என்றால்தான் மூச்சு வரும்.

ஒருநாள் காலையில் செடி பூத்துவிட்டது. ஏட்டு ஊருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார். பொன்னுரங்கம் அழுதுகொண்டே ஒரு மிட்டாய் வாங்கித் தின்றுவிட்டு, தொட்டியை மறுபடி தலையில் தூக்கிக்கொண்டான்.

நீதிபதி பூவைப் பார்த்தார். "எங்கே பூத்தது?"

"நம்ம ஸ்டேஷன்லதானுங்க!"

"யார் வளர்த்தது?"

"நான் பெத்த பிள்ளை மாதிரி வளர்த்தேனுங்க! சடையன் தண்ணி சுமந்தான்."

"இவன் வீட்டில் இருந்தபோது வெறும் இலை. ஆகவே இவன் குற்றவாளி இல்லை. கஞ்சா உண்டானது உங்கள் இரண்டு பேர் கையில். ஆளுக்குப் பத்து வருஷம். ஜெயில் வண்டி வரும்வரை உங்கள் லாக்கப்பிலேயே இருங்கள்."

ஏட்டு துள்ளிக் குதித்தார். "சடையா, ஜெயிச்சுட்டோம்டா!"

இரண்டு பேரும் ஸ்டேஷனுக்குப் போய் லாக்கப்பில் நுழைந்தார்கள். வெளியிலிருந்து பூட்ட ஆள் இல்லாததால் பொன்னுரங்கமே பூட்டினான். விடுதலை! சந்தோஷத்தில் அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. புறாக்களை நினைத்தபடி வாசல்வரை போய்விட்டான். மேஜைமேல் செடி வாடியிருந்தது. மனசு கேட்கவில்லை; திரும்பி வந்து ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினான்.

"பூத்த செடிக்குத் தண்ணியா ஊத்தறே?" என்று கம்பிக்குள்ளிருந்து ஏட்டு முழங்கினார். "கையும் களவுமா மாட்டிக்கிட்டே! உள்ளே வா!"

பொன்னுரங்கம் தலையைக் குனிந்துகொண்டு கதவைத் திறந்து உள்ளே வந்தான். கம்பி வழியே கையை விட்டுப் பூட்டினான். பிறகுதான் ஓவென்று அழுதான்.

"புறாவுக்கு யாருங்க தீனி போடுவா?"

"அட, இதுக்கா அழறே? தெனமும் காலையில கதவைத் திறந்துட்டுப் போய் நானே போட்டுட்டு வந்து மறுபடி பூட்டிக்கறேன்."

பொன்னுரங்கத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியை நீட்டினான். ஏட்டு அதை வாங்கி இடுப்பில் பத்திரமாகச் செருகிக்கொண்டார். கைதிகள் கையில் சாவி கிடைத்துவிடக் கூடாதல்லவா?