யார் வந்தாலும் ஒரே விலை

கோவில்பட்டியில் ஒரு புடவைக் கடை. வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு போர்டு: "யார் வந்தாலும் ஒரே விலை." முதலாளி ஆவுடையப்பனுக்கு அந்தப் போர்டுதான் சாமி. தினமும் அதற்குச் சூடம் காட்டிவிட்டுத்தான் கல்லாவில் உட்காருவார்.

அங்கே பதினோரு வருஷமாகக் கால் வீங்க நின்று புடவை விரிப்பவள் செண்பகவல்லி. சம்பளம் ஒன்பதாயிரம். நாலு மாதத்துக்கு முன் சேர்ந்த ஜெசிந்தாவுக்குப் புடவை மடிக்கக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். அந்த ஜெசிந்தா ஒருநாள் போனை நீட்டி, "அக்கா, சம்பளம் ஏறிட்டான்னு பாருங்க" என்றாள். பன்னிரண்டாயிரம் ஏறியிருந்தது.

செண்பகவல்லி நேரே கல்லாவுக்குப் போனாள். "மொதலாளி, எனக்கும் கூட்டிக் குடுங்க."

கடை நிறையக் கூட்டம். ஆவுடையப்பன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சிரித்தார். "போர்டைப் பாத்தியா? இந்தக் கடையில பேரமே கிடையாது."

"நான் பேரம் பேசல மொதலாளி. யார் வந்தாலும் ஒரே விலைன்னுதான போட்டிருக்கு? அப்போ ஒரே வேலைக்கு ஜெசிந்தாவுக்கு ஒரு விலை, எனக்கு ஒரு விலையா?"

புடவை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். "அப்போ புடவைக்கும் ஆளுக்கொரு விலைதானா அண்ணாச்சி?" என்று ஒருத்தி கேட்டேவிட்டாள். ஆவுடையப்பன் முகத்தில் ஈயாடவில்லை.

"நீ கேக்கது நியாயந்தான். அடுத்த மாசத்துல இருந்து ரெண்டு பேருக்கும் ஒரே சம்பளம்" என்றார்.

சொன்ன சொல் தவறாத மனுஷன். அடுத்த மாதம் ஜெசிந்தா மறுபடியும் போனை நீட்டினாள். ஒன்பதாயிரம் ஏறியிருந்தது. இந்தத் தடவை அவள் அக்கா என்று கூப்பிடவில்லை.