ஹில்டே சொன்ன ஒரே வார்த்தை

தாண்டவராயனுக்கு அறுபத்திரண்டு வயது. அவருடைய குரு பெபியோலாவுக்கு முப்பத்து நாலு. மதுரையில், ஜெர்மனிக்கு வேலைக்குப் போகிற நர்ஸ் பெண்களுக்கு அந்த ஊர் பாஷை சொல்லிக்கொடுக்கிற டீச்சர் அவள். அத்தனை பெண்களுக்கு நடுவே முன் பெஞ்சில் ஒரு நரைத்த தலை. மின்வாரியத்தில் ரிட்டயர் ஆன மறுமாதமே வந்து சேர்ந்துவிட்டார். வந்து ரெண்டு வருஷம் ஆகிறது.

"நீங்க எந்த ஆஸ்பத்திரிக்குப் போறீங்க சார்?" என்று முதல் நாளே கேட்டாள்.

"நான் எங்கேயும் போகலை டீச்சர். ஒரு நாவலை மூலத்துல படிக்கணும்."

கல்லூரி நாளில் தமிழில் படித்த பழைய ஜெர்மன் நாவல். படகுக்காரர் மகள் ஹில்டே, போருக்குப் போகிற காதலனை ஆற்றங்கரையில் வழியனுப்புகிற கதை. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மனுஷனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். கல்யாணமான நாளிலிருந்து மனைவி தெய்வானை அந்தப் பெருமையைக் கேட்டுக் கேட்டு அலுத்தவள். ஆனால் புத்தகத்தை மட்டும் அவள் தொடக்கூடாது. அட்டை கிழிந்துவிடுமாம். பிளாஸ்டிக் கவர் போட்டு பீரோவில் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

இப்படி இருக்கையில் அந்த நாவலைப் புதுசாக ஜெர்மனியில் சினிமா எடுத்தார்கள். மதுரை ஃபிலிம் கிளப் அதைத் திரையிட முடிவு செய்து, தமிழ் சப்டைட்டில் எழுதும் வேலையைத் தாண்டவராயனிடமே கொடுத்தது. கேட்பானேன்! ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

"நானும் வர்றேன்" என்றாள் தெய்வானை. "அப்படி என்னதான் இருக்குன்னு பாத்துடறேன்."

படத்தைப் போட்டுப் பார்த்தவருக்குத் தலை சுற்றிவிட்டது. போரும் இல்லை, படகும் இல்லை. ஆற்றங்கரை இருந்த இடத்தில் ரயில்வே ஸ்டேஷன். வேறு ஊரில் வேலை கிடைத்துப் போகிற காதலன் செல்போனை நோண்டிக்கொண்டு நிற்கிறான். நாவலில் ஹில்டே ஒரு பக்கம் முழுக்கப் பேசுவாள். படத்தில் "போ" என்கிறாள். அவ்வளவுதான். திரும்பி நடந்துவிடுகிறாள்.

பாவம், மனுஷன் சாப்பிடாமல் கிடந்தார். தெய்வானை இதைப் பார்த்து, இந்தக் குப்பைக்கா இத்தனை வருஷம் உருகினீர்கள் என்று கேட்டுவிட்டால்? அதற்கு மேல் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நாவலைப் பற்றி வாயைத் திறப்பது?

கடைசியில் ஒரு காரியம் செய்தார். ஹில்டே "போ" என்று சொல்கிற இடத்தில், திரைக்கு அடியில் நாவலின் வரிகளை எழுதினார்.

'நீ போ. ஆற்றை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ திரும்பும்போது அது இங்கேயே ஓடிக்கொண்டிருக்கும்.'

எழுதியதும் கண் கலங்கியது. கூடவே, இப்படி எழுதலாமா என்ற சந்தேகமும் வந்தது. டீச்சரை வீட்டுக்கு வரச்சொல்லிப் போட்டுக் காட்டினார்.

பெபியோலா பார்த்து முடித்தாள்.

"தப்பா டீச்சர்?"

அதற்குள் தெய்வானை காபி கொண்டுவந்து வைத்தாள். "ஆறிடப் போகுது. குடிங்க ரெண்டு பேரும்."

பெபியோலா எழுந்து தெய்வானைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, செய்தி வாசிப்பதைப்போலச் சொன்னாள்.

"'என் நாயகனே! உன் புத்தகத்தின் நிழலிலேயே என் இளமை கழிந்தது. இந்தக் காபியின் சூடாவது உன் நெஞ்சைத் தொடட்டும்!'"

தெய்வானை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்ன டீச்சர் இது? அவ அப்படியா சொன்னா? காபி குடிங்கன்னுதானே சொன்னா!"

"நல்லா இல்லையா சார்?"

"நல்லா இருக்கு. ஆனா அவ சொல்லலையே!"

"அக்கா, நீங்க சொல்லுங்க. சொன்னீங்களா?"

தெய்வானை சிரிப்பை நிறுத்தினாள். "சொல்லலை" என்றாள். "ஆனா அதைப் பொய்னும் சொல்ல முடியாது." தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தாண்டவராயனுக்கு இப்போது முன்னைவிடக் குழப்பம். சொல்லாததை எழுதக்கூடாது என்கிறாளா டீச்சர்? சொல்லாததிலும் உண்மை உண்டு என்கிறாளா? மொக்கைப் படத்தை மொக்கையாகவே கொடு என்கிறாளா?

"நான் என்னதான் பண்றது?"

"அவங்க வாய் அசையுது சார். அவங்க பேசட்டும்" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தாள்.

பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. புரிந்த பாதியை நம்பி, எழுதியதை அழித்துவிட்டு 'போ' என்று மட்டும் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை படம் ஓடியது. நாலு பேர் இடைவேளையில் கழன்றுகொண்டார்கள். ஒருவர் குறட்டையே விட்டார். தாண்டவராயன் திரையைப் பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த தெய்வானையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார்.

திரும்பும்போது ஸ்கூட்டரில் பின்னால் இருந்த தெய்வானை ஏதோ கேட்டாள். அவ்வளவுதான், மனுஷனுக்கு வந்ததே கோபம்! டைரக்டரைக் கிழிகிழியென்று கிழித்தார். நடித்தவளை விடவில்லை. செல்போனைக் கண்டுபிடித்தவனையும் விடவில்லை. வீடு வரைக்கும் அதே பாட்டு.

மறுநாள் வகுப்பு முடிந்து நர்ஸ் பெண்கள் கிளம்பியபின் குருவிடம் போய் நின்றார்.

"நீங்க சொன்னபடிதான் டீச்சர் செஞ்சேன். மானம் போச்சு."

"யார் என்ன சொன்னாங்க?"

"வேற யாரு? எங்க வீட்லதான். இதுக்கா இத்தனை வருஷம் குதிச்சீங்கன்னு கேட்டுட்டா."

"அப்படியே கேட்டாங்களா?"

"அந்த அர்த்தத்துலதான்."

"அர்த்தம் வேண்டாம் சார். அக்கா வாயிலிருந்து வந்ததைச் சொல்லுங்க."

தாண்டவராயன் யோசித்தார். ஸ்கூட்டர் சத்தம், காற்று, அதற்கு நடுவே அவள் குரல்.

"'ஏங்க, புத்தகத்துலயும் அவ இப்படி ஒத்தை வார்த்தையிலதான் அனுப்பி வைக்கிறாளா?' அப்படின்னு கேட்டா."

சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"டைரக்டரைத் திட்டினேன்."

பெபியோலா கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"டைரக்டர் உங்களை ஒண்ணும் கேட்கலையே சார்."

தாண்டவராயன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். பீரோ சாவி இருந்தது.