பெருச்சாளி ஏற்றுக்கொண்ட கேள்வி

ஆற்றங்கரைக் காட்டில் ஒரு பெருச்சாளி தன் மனைவியோடு வாழ்ந்தது. மற்ற விலங்குகள் மழைக்காலத்துக்குச் சேர்த்த விதைகளை அது தன் வளையில் வைத்துக் காத்தது. ஆளுக்கு ஒரு குழி. யார் எதைக் கொண்டுவந்தாலும் கலந்தபடியே அவரவர் குழிக்குள் போகும். "மயிலின் குழி" என்று கேட்டால் போதும், நொடியில் எடுத்துக் கொடுத்துவிடும்.

பக்கத்து மேட்டில் எறும்புகள் வேறு விதமாகச் சேமித்தன. எந்த விதை, எங்கே பொறுக்கியது என்று பார்த்துத் தனித்தனி அறையில் வைத்தன. அங்கே விதையை ஒப்படைக்க நெடுநேரம் காத்திருக்க வேண்டும். ஆனால், "மூங்கில் புதரில் பொறுக்கியதில் காய்ந்தது எது?" என்று கேட்டாலும் உடனே பதில் வரும்.

ஒருநாள் மந்தி பெருச்சாளியிடம் வந்தது. "எறும்புகளிடம் கேட்பதுபோல உன்னிடமும் கேட்க முடிந்தால், நாங்கள் எல்லாவற்றையும் உன்னிடமே வைத்துவிடுவோமே" என்றது.

பெருச்சாளி மனைவியிடம் யோசனை கேட்டது.

"நம் குழிகள் அப்படி அமைந்தவை அல்ல. ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல எல்லாக் குழியையும் கிளற வேண்டும். குழிகளை மாற்றி அமைத்தால் இப்போதுபோலச் சட்டென்று எடுத்துத் தரவும் முடியாது" என்றது மனைவி.

"முடியாது என்று சொன்னால் எறும்புகளைவிட மட்டம் என்று நினைப்பார்களே?"

"நினைக்கட்டும். முடியாததை முடியும் என்று சொல்லாதீர்கள்."

பெருச்சாளிக்கு மனம் கேட்கவில்லை. குழிகளை அப்படியே விட்டுவிட்டு, "இனி எறும்புகளிடம் கேட்பதுபோலவே என்னிடமும் கேட்கலாம்" என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டது.

அந்த ஆண்டு சதுப்பு நிலத்து விதைகளில் நஞ்சுப் பூசணம் பிடித்தது. விலங்குகள் பதறிக்கொண்டு வளைக்கு வந்தன.

"யார் யார் குழியில் சதுப்பு விதை இருக்கிறது?" என்று கேட்டது மந்தி.

பெருச்சாளி கிளறத் தொடங்கியது. குழிகளில் பாதிகூட முடியவில்லை. வெளியே, "எறும்புகள் இந்நேரம் சொல்லியிருக்கும்" என்று யாரோ முணுமுணுத்தார்கள். அதன் காது சூடானது. வெளியே வந்து, "மானின் குழியிலும் முயலின் குழியிலும்தான் இருக்கிறது. மற்றவர்கள் பயமில்லாமல் சாப்பிடலாம்" என்றது.

மயிலின் குழியை அது பார்க்கவே இல்லை.

மறுநாள் மயில் வந்தது. தன் குழியிலிருந்து எடுத்துப்போன விதையைத் தின்று அதன் குஞ்சுகளில் ஒன்று இறந்துபோயிருந்தது. அது சண்டை போடவில்லை.

"என் குழியைப் பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டது.

பெருச்சாளி தலையைக் குனிந்துகொண்டது. "பார்க்கவில்லை."

"அப்படியானால் ஏன் சாப்பிடலாம் என்று சொன்னாய்?"

"இன்னும் பார்த்து முடிக்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது."

மயில், "நீ அப்படிச் சொல்லியிருந்தால் நான் காத்திருந்திருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது.

பெருச்சாளி அன்று எதையும் தின்னவில்லை. மனைவி ஒரு வார்த்தைகூடக் குத்திக்காட்டவில்லை. அதுதான் அதற்கு இன்னும் தாங்க முடியாமல் இருந்தது.

பிறகு அது விலங்குகளைக் கூட்டி நடந்ததைச் சொன்னது. "அவரவர் குழியை நொடியில் எடுத்துத் தருவேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மற்றக் கேள்விகளுக்கு எல்லாக் குழியையும் பார்த்து முடிக்கும்வரை பதில் சொல்ல மாட்டேன். காத்திருக்க முடியாதவர்கள் எறும்புகளிடம் வையுங்கள்" என்றது.

சிலர் தங்கள் விதைகளை எடுத்துக்கொண்டு போனார்கள். சிலர் இருந்தார்கள். மயிலும் இருந்தது. ஆனால் அது விதை கேட்டு வரும்போதெல்லாம், பெருச்சாளி அதன் முகத்தைப் பார்க்காமலே எடுத்துக் கொடுத்தது.

தன்னால் இயலாததை இயலும் என்று காட்டிக்கொள்பவனின் வீம்புக்கு, அவனை நம்பியவர்களே விலை கொடுக்க நேரிடும்.