கரடி எழுதிய அறிவிப்பு

ஒரு காட்டில் ராஜா சிங்கத்திடம் கரடி ஒன்று குமாஸ்தா வேலை பார்த்துவந்தது, பிள்ளைகளே. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். எழுதியது மட்டும் யாருக்கும் புரியாது. புரிந்துவிட்டால் மரியாதை போய்விடும் என்று அதற்கொரு நினைப்பு!

ஒருநாள் சிங்கம் கரடியைக் கூப்பிட்டது. குளத்தின் வடகரையில் முதலை வந்திருக்கிறது, யாரும் அங்கே போக வேண்டாம் என்று எழுதிக் குளத்தோரத்து ஆலமரத்தில் தொங்கவிடச் சொன்னது.

காலையெல்லாம் உட்கார்ந்து கரடி இப்படி எழுதியது:

"மேற்படி நீர்நிலையின் வடகரையில் பிராணஹானி விளைவிக்கவல்ல ஜந்துவின் பிரசன்னம் உறுதிசெய்யப்பட்டுள்ளபடியால், அன்னார் நீங்கலாக ஏனைய யாவரும் அவ்விடத்தை உபயோகிப்பதினின்றும் விலகியிருத்தல் சாலச் சிறந்ததெனக் கருதப்படலாகிறது."

மரத்தடியில் கூடிய மிருகங்கள் பேந்தப் பேந்த விழித்தன. சாமி வந்திருக்கிறது போல என்றது முயல். குளத்துக்கு வரி போட்டுவிட்டார்கள் என்று அழாக்குறையாகச் சொன்னது பன்றி. மயிலுக்கு 'வடகரை'யும் 'சிறந்தது'ம் மட்டும்தான் விளங்கின. வடகரைத் தண்ணீர்தான் நல்லதாம் என்று அது சொல்ல, எல்லாம் தலையாட்டிவிட்டன.

மானுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. மரத்தடியிலேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த கரடியிடம் போய், "ஐயா, என் குட்டிக்குத் தாகம். வடகரைக்குப் போகலாமா, கூடாதா?" என்று கேட்டது.

கரடி தலையை நிமிர்த்தவே இல்லை. "எழுத்தில் இருப்பதை வாயால் சொல்வது வழக்கமில்லை அம்மா. அறிவிப்பை இன்னொரு தடவை பாருங்கள்."

மான் நாலு தடவை பார்த்தது. தலைசுற்றியதுதான் மிச்சம். குட்டியோ தண்ணீர், தண்ணீர் என்று நச்சரித்தது. சரி, மயில் சொன்னபடியே செய்வோம் என்று மான் கிளம்பியது.

குட்டி மான் முன்னால் துள்ளி ஓடியது. அதன் விளையாட்டுத் தோழனும் கூடவே ஓடியது. தோழன் யார் தெரியுமா? கரடியின் ஒரே பிள்ளை!

மரத்தடியிலிருந்து கரடி அதைப் பார்த்துவிட்டது. மேற்படியும் அன்னாரும் எங்கே போயினவோ!

"முதலை! ஓடி வந்துடுங்கடா!" என்று காடே அதிரக் கத்தியது.

குட்டிகள் இரண்டும் திரும்பி ஓடிவந்தன. பின்னாலேயே பாய்ந்த முதலை, வெறும் வாயோடு தண்ணீருக்குள் போனது.

மான் வெகுநேரம் தன் குட்டியை நக்கிக்கொடுத்தது. பிறகு கரடியிடம் வந்தது.

"உங்கள் பிள்ளை கூடவே ஓடாமல், என் பிள்ளை மட்டும் போயிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் ஐயா?"



நீதி: கேட்பவருக்குப் புரியாத எச்சரிக்கை, சொல்லாததற்குச் சமம்.