ஜமுக்காளம் போன வழி

தூத்துக்குடியில் ஒரு பழைய லாட்ஜ் வாசலில் ஒருநாள் சினிமா வேன் வந்து நின்றது. அதற்குள் ஒரு டிராலியும் ஒரு ஜமுக்காளமும் இருந்தன.

டிராலிக்குத் தன்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம். கேமராவைச் சுமந்துகொண்டு தண்டவாளத்தில் அலுங்காமல் குலுங்காமல் ஓடுகிற வண்டி அது. நெஞ்சில் கம்பெனி முத்திரை குத்திய பித்தளைத் தகடு வேறு. ஜமுக்காளம் அப்படியில்லை. மத்தியானம் யூனிட் ஆட்கள் உட்கார்ந்து சாப்பிட விரிப்பார்கள். உடம்பெல்லாம் சாம்பார்க் கறை. வாய்க்கு மட்டும் குறைச்சலே இல்லை.

“நகர்வது என்ன பெரிய வித்தையா? கேமராவை என் மேல் வைக்கட்டும், நானும் போவேன்” என்றது ஜமுக்காளம்.

“தகடு எங்கே?” என்றது டிராலி.

ஜமுக்காளத்திடம் தகடு இல்லை. படத்தின் டைரக்டர் பெனிட்டாவிடமும் இல்லை. அவள் கல்யாண வீடியோ எடுத்துப் பழகி சினிமாவுக்கு வந்தவள். எந்த சினிமாக் கல்லூரியிலும் படித்ததில்லை. படத்துக்குப் பணம் போட்ட உப்பள முதலாளி ஞானதுரைக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. அன்று காலையில் போனில் சொல்லியே விட்டார்.

“சாயங்காலம் வருவேன்மா. அந்தத் தாயார் நடந்து வர்ற ஷாட்ட எனக்குக் காட்டு. சரியா வரலன்னா, காலேஜ்ல படிச்ச டைரக்டர் ஒருத்தர வச்சு மிச்சத்த முடிச்சிருவேன். கோவிச்சுக்கிடாத.”

படத்தில், வீட்டை விட்டு ஓடிப்போன மகன் இந்த லாட்ஜின் கடைசி அறையில் இருக்கிறான். அறைகளுக்கு நடுவே போகும் நீள நடையில் அம்மா நடந்து வந்து அவன் கதவுக்கு முன்னால் நிற்கிறாள். தட்டக் கை எழவில்லை. கேமரா அவள் முகத்தைப் பார்த்தபடியே பின்னால் நகர வேண்டும். இந்த ஒரு ஷாட்டுக்காகத்தான் பெனிட்டா கதையே எழுதினாள்.

டிராலியை இறக்கினார்கள். தண்டவாளம் போட்டார்கள். ஆனால் நடை பாதியில் மடங்கியது. நேர்த் தண்டவாளம் அங்கே திரும்பாது. வளைந்த தண்டவாளம் சுவரில் இடித்தது.

கேமராமேன் இளம்பரிதி கல்லூரியில் முறையாகப் படித்தவன். “கையில வச்சுக்கிட்டு நடந்தா ஆடும், பெனிட்டா. திருப்பம் வரைக்கும் எடுத்துட்டு கட் பண்ணிரலாம்” என்றான்.

“கட் பண்ணா அந்தம்மா வந்த தூரமே போயிரும் அண்ணே.”

அவள் நடையைப் பார்த்தாள். சிவப்புத் தரை, வருஷக்கணக்கில் கால் பட்டு வழவழவென்று கிடந்தது. பிறகு வாசலைப் பார்த்தாள். சாப்பாட்டுக்கு விரிக்க ஜமுக்காளத்தை உதறிக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணே, இதுல உக்காருங்க. நான் இழுக்கேன்.”

ஜமுக்காளத்துக்குத் தலைகால் புரியவில்லை. “பார்த்தாயா?” என்று டிராலியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பெனிட்டா தொட்டதுமே விசுக்கென்று கிளம்பியது. இளம்பரிதி கேமராவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மல்லாக்க விழுந்தான். மறுபடி எடுத்தார்கள். இந்த முறை திருப்பத்தில் சுருண்டு மடங்கி நின்றுவிட்டது. ஜமுக்காளத்தை அவமானம் பிடுங்கித் தின்றது.

டிராலி முதலில் சிரிக்கத்தான் செய்தது. ஆனால் அதுவும் தொழில்காரன்தானே. ஒரு நல்ல ஷாட் கண்ணெதிரே பாழாவதைப் பார்த்துக்கொண்டிருக்க மனசு வரவில்லை.

“கிளம்பும்போது அவசரப்படாதே. கிளம்பியதே தெரியக்கூடாது. நிற்கும்போதும் அப்படித்தான்” என்றது.

இளம்பரிதியும் முழங்கையைத் தேய்த்துக்கொண்டே பெனிட்டாவிடம் ஏறக்குறைய அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

“இதை எங்கே படித்தாய்?” என்று கேட்டது ஜமுக்காளம். இப்போது குரலில் கிண்டல் இல்லை.

“தண்டவாளத்தில்.”

“எனக்கு அது கிடைக்கவில்லை. இங்கேயே சொல்லிக் கொடு, கேட்டுக்கொள்கிறேன். அந்தத் திருப்பத்தில் எப்படிப் போவது?”

டிராலி தயங்கியது. தகடு அடித்த நாளிலிருந்து அது சொல்லாத ஒன்றை அன்றைக்குச் சொன்னது. “தெரியாது. தண்டவாளம் திரும்பினால்தான் நான் திரும்புவேன்.”

“சரி, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.”

பெனிட்டா ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டாள். மெல்ல இழுத்தாள். அது கிளம்பியது யாருக்கும் தெரியவில்லை. திருப்பத்தில் ஒரு முனையை அவள் விட்டுப் பிடிக்க, சுவரை உரசாமல் வளைந்து போனது. அம்மா கதவருகே வந்து நின்றாள். ஜமுக்காளமும் மூச்சு விடுவதுபோல நின்றது. ஜமுக்காள முனையைக் கையிலிருந்து விடாமலே பெனிட்டா கட் சொன்னாள்.

சாயங்காலம் ஞானதுரை வந்து ஷாட்டைப் பார்த்தார். “இன்னொரு தடவ போடு” என்றார். பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“டிராலின்னா டிராலிதான். என்னா வழுக்கிக்கிட்டுப் போகுது! இதுக்குத்தான் படிச்ச ஆள் வேணும்ங்கேன்.”

“இதுல டிராலி இல்ல சார். ஜமுக்காளத்துல வச்சு இழுத்தோம். எப்படி இழுக்கணும்னு சொன்னது படிச்ச ஆளுதான். இளம்பரிதி அண்ணன்.”

“இழுத்தது?”

“நான்.”

ஞானதுரை தரையைப் பார்த்தார். கறை படிந்த ஜமுக்காளம் அங்கேயே கிடந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

“நாளைக்கு என்னம்மா எடுக்கோம்?”

எடுக்கோம் என்றாரே, அது போதும். பெனிட்டா நிமிர்ந்து நின்றாள். “மாடிப்படி சார். அங்க டிராலியும் போகாது, ஜமுக்காளமும் போகாது.”

“அப்ப எப்படி?”

“தெரியல சார். ஆனா எடுத்திருவோம்.”

வேனில் ஏற்றும்போது ஜமுக்காளத்தை டிராலிமேல் போட்டார்கள். வேறொரு நாளாக இருந்தால் சாம்பார் வாடை என்று டிராலி முகம் சுளித்திருக்கும்.

“நாளைக்கு நம் இரண்டு பேருக்குமே வேலை இல்லையாமே” என்றது டிராலி.

“ஏன் இல்லை?” என்றது ஜமுக்காளம். “நாளைக்குக் கேமராவைச் சுமக்க வேறு ஒருவன் புதிதாக வருவான். கிளம்பும்போது அவசரப்படாதே என்று அவனுக்குச் சொல்ல ஆள் வேண்டாமா?”